யாருக்காவது ஆட்சேபணை உண்டா

எனக்குக் கல்யாண வீடு ஆகாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். மேளம், மாலை, மேடை, "சார் கொஞ்சம் இப்படி" என்று போட்டோக்காரன் தாடையைப் பிடித்துத் திருப்புவது, பேர் தெரியாதவர்கள் தோளில் கை போட்டுச் சிரிப்பது, எதுவுமே எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. சர்ச் கல்யாணம் என்றால் கேட்கவே வேண்டாம். எழுந்திரு, உட்கார், மறுபடியும் எழுந்திரு, பாட்டுப் புத்தகத்தில் பக்கத்தைத் தேடு. சித்திரை வெயிலில் கோட்டு மாட்டிக்கொண்டு நிற்கிற மாப்பிள்ளையைப் பார்த்தால் எனக்கு மூச்சு முட்டும். நான் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. பெண் சரியாக அமையாதது பாதிக் காரணம் என்றால், அந்த ஒரு நாள் கூத்துக்குப் பயந்தது மீதிப் பாதி. ஆம்பூரில் யார் வீட்டு விசேஷமானாலும் முதல் பந்தியில் உட்கார்ந்து பிரியாணியை முடித்துக்கொண்டு, மேடைப் பக்கமே திரும்பாமல் வீட்டுக்கு வந்துவிடுவேன்.

அப்பேர்ப்பட்ட என்னிடம் போய் என் அக்கா மகள் சொன்னாள்: "மாமா, நீதான் என்னக் கையப் புடிச்சி உள்ள கூட்டிட்டுப் போவணும்."

"வேற ஆளே கெடைக்கலியா பாப்பா?" என்றேன்.

"வேற யாரு கீறாங்க எனக்கு?"

சரி என்று தலையை ஆட்டினேன்.

அவளுடைய அப்பா, அவள் நடக்கப் பழகும் முன்பே இறந்துவிட்டார். அன்றிலிருந்து அக்காவும் அவளும் நானும் ஒரே வீட்டில்தான். அக்கா ஷூ கம்பெனியில் அப்பர் தைத்தாள். ஷூவின் மேல்பக்கத் தோலைத் தைக்கிற வேலை, கழுத்து ஒடியும். நான் இன்னொரு கம்பெனியில் கடைசிச் செக்கிங். டப்பாவில் போகிற ஒவ்வொரு ஜோடியையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தையல் பிசகியிருந்தாலோ ஷேடு மாறியிருந்தாலோ தூக்கித் தள்ளி வைப்பது என் வேலை. "எதச் சொன்னாலும் ஒரு குத்தம் கண்டுபுடிப்பான், கம்பெனிக்காரன் இதுக்குத்தான் இவனுக்குச் சோறு போடறான்" என்று அக்கா சொல்வாள். பாப்பா பிசியோதெரபி படித்து, வேலூரில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே பாகாயத்தில் வீடு எடுத்துக்கொண்டாள். கூட ஒரு பெண் தங்கியிருந்தாள். வாலாஜாபேட்டைக்காரி, ராணிப்பேட்டையில் ஷூ டிசைன் போடுகிறவள். நல்ல பெண். எங்கள் வீட்டுக்கு வந்தால் நேராக அடுக்களைக்குப் போய் வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிடுவாள். அக்காவுக்கு அவளை ரொம்பப் பிடித்திருந்தது. "அந்தப் பொண்ணுக்கு நல்ல எடமா ஒண்ணு பாருடா" என்று என்னிடமே சொல்லியிருக்கிறாள்.

அந்தப் பெண்ணும் தானும்தான் சேர்ந்து வாழப்போகிறோம் என்று பாப்பா ஒரு நாள் அம்மாவிடம் உட்கார்ந்து சொன்னாள். நானும் இருந்தேன். அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ரெண்டு லெஃப்ட்டு ஷூவ ஒரு டப்பால போட்டா அது ஜோடியாடி?"

ஆம்பூர்க்காரி வாயில் வேறு என்ன வரும்? பாப்பா பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு தாய்க்கும் மகளுக்கும் பேச்சு நின்றது.

பேச்சுதான் நின்றதே ஒழிய மற்றதெல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. தினமும் சாயந்திரம் பாப்பா எனக்குப் போன் செய்வாள். மணி அடித்ததும் அடுக்களையில் மிக்ஸி நிற்கும். குழாய் நிற்கும். நான் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, சம்பந்தமில்லாத ஆள் போல டிவியைப் பார்த்துக்கொண்டு பேசுவேன். அந்தப் பக்கம் பாப்பாவுக்கும் இது தெரியும். எனக்குத் தேவையே இல்லாத சேதியெல்லாம் என்னிடம் சொல்வாள். மீன் குழம்பில் மாங்காய் போட்டாளாம், புளிப்பு ஜாஸ்தியாகிவிட்டதாம். எனக்கெதற்கடா இது என்று நினைத்துக்கொண்டே 'ம்ம்' கொட்டுவேன். மறுநாள் அக்கா மீன் கழுவிக்கொண்டே சுவரைப் பார்த்து, "மாங்கா போட்டா புளிய கம்மி பண்ணணும், இதக் கூடவா ஒருத்தர் சொல்லணும்" என்பாள். நான் அதைச் சாயந்திரம் அப்படியே அந்தப் பக்கம் சேர்ப்பேன். என்ன பிழைப்பு இது என்று எனக்குக் கோபமாக வரும். பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் வேலூர். ஒருத்திக்கொருத்தி ஏங்கிச் சாகிறார்கள், நடுவில் நான் தபால்காரன்.

அப்படி ஒரு சாயந்திரம்தான் பாப்பா கல்யாணச் செய்தியைச் சொன்னாள். ஏலகிரி மலையடிவாரத்தில் ஓய்வுபெற்ற பாஸ்டர் ஒருவர், தன் தோட்டத்திலேயே சின்னதாக ஆலயம் கட்டி ஆராதனை நடத்துகிறார். அவர் செய்துவைக்க ஒத்துக்கொண்டார் என்றாள். ஸ்பீக்கர் ஓடிக்கொண்டிருந்தது. போனை வைத்ததும் அக்கா அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

"அதுக்குச் சர்ச்சு வேற கேக்குதா?" என்றாள். "ஊரு சிரிக்க வெக்கணும், அதானே? நாளைக்குப் பொம்பளைங்க சங்கத்துல நான் எப்படிப் போயி ஒக்காருவேன்? ரெண்டு லெஃப்ட்டு..."

"செருப்பு இல்லக்கா அது. நம்ம புள்ள," என்றேன். என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது. அக்கா உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு நான் தயிரை நானே ஊற்றிக்கொண்டு சாப்பிட்டேன்.

கல்யாணத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, ஒத்திகை என்று என்னை மலையடிவாரத்துக்கு வரச் சொன்னார்கள். கல்யாணமே ஆகாதவனுக்கு ஒத்திகை வேறு! பாஸ்டர் ஐயா வெள்ளைத் தாடியும் ரப்பர் செருப்புமாக, மாமரத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். "சர்க்கார் ரெஜிஸ்டர்ல என்னால எழுத முடியாது, சட்டம் இல்ல. ஜெபம் பண்றதுக்கு எனக்கு யாரு பர்மிஷனும் வேணாம்," என்றார். எடுத்த எடுப்பிலேயே ஆளைப் பிடித்துப்போயிற்று. ஆலயம் என்றால் சிமெண்ட் ஷீட்டு போட்ட ஹால், பிளாஸ்டிக் நாற்காலி, முன்னால் ஒரு மரச் சிலுவை. யார் யாருக்குத் தாலி கட்டுவது என்ற பேச்சு வந்தபோது பெண்கள் இருவரும் சிரித்துவிட்டு மோதிரம் போதும் என்றார்கள். நல்லதாய்ப் போயிற்று, அரை மணி நேரம் மிச்சம் என்று நான் நினைத்தேன்.

ஐயா ஆராதனை முறையை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். சர்ச் கல்யாணத்தில் ஒரு கட்டம் உண்டு. பாஸ்டர் சபையைப் பார்த்து, இவர்கள் இருவரும் இணையக்கூடாது என்பதற்கு நியாயமான காரணம் யாருக்காவது தெரிந்தால் இப்போதே சொல்லட்டும், இல்லாவிட்டால் இனி எப்போதும் வாய் திறக்கவேண்டாம் என்று கேட்பார். எல்லாருக்கும் பழகிப்போன வரி. யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். பின்வரிசைப் பொடியன்கள் மட்டும் ஒருவனை ஒருவன் இடித்துச் சிரிப்பார்கள். ஐயா அந்த இடத்தில் நிறுத்தினார்.

"இந்த வரிய உட்டுடலாம்மா. எதுக்கு வீணா?" என்றார்.

"வேணாம் ஐயா. அது இருக்கட்டும்," என்றாள் பாப்பா. "கேட்டுட்டு ஒடனே அடுத்ததுக்குப் போயிடாதீங்க. கொஞ்ச நேரம் நில்லுங்க."

எனக்குச் சுருக்கென்றது. வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஏண்டி, போற ஓணான மடியில கட்டிக்கிறதுன்றது இதான். அவரே உட்டுடறேன்றாரு. எவனாச்சும் வந்து கலாட்டா பண்ணணும்னு ஆசையா ஒனக்கு? சடங்குன்னா ஒண்ணு விடாம வேணுமா?"

அவள் மாமரத்தின் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

"அம்மா ஆட்சேபண சொல்லவாச்சும் வருமான்னுதான் மாமா," என்றாள். "வந்து கத்தட்டும். எல்லாருக்கும் முன்னாடி என்னத் திட்டட்டும். எனக்கு அது மூஞ்சியப் பாக்கணும்."

நான் இந்த மாதிரி நேரங்களில் எதற்கும் உதவாதவன். அவள் தலையில் கையை வைத்தேன், எடுத்தேன். திரும்ப பஸ்ஸில் வரும்போது வாணியம்பாடி வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். வீட்டில் வந்து அக்காவிடம் அவள் சொன்னதை அப்படியே சொன்னேன், ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே மறுபடி மடித்தாள். "நான் வர்ல," என்றாள்.

கல்யாணத்தன்று காலையில் புதுச் சட்டை போட்டுக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றேன். வேண்டுமென்றேதான் நின்றேன். "காலர் மடிஞ்சிருக்குது பாரு," என்று சரிசெய்துவிட்டாள். வருகிறாயா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பாள், ஒரு தடவை சொல்லிவிட்டால் பிறகு மாற்றிக்கொள்ளத் தெரியாது அவளுக்கு. வாசலில் கார் வந்து நின்றது. கம்பெனியில் என்னோடு செக்கிங் டேபிளில் நிற்கிற பாய்தான் ஓட்டிவந்தார். பின் சீட்டில், துணி சுற்றிய பெரிய பிரியாணிப் பாத்திரம், தேக்சா. சீட் பெல்ட்டு வேறு போட்டிருந்தார் அதற்கு. கல்யாணச் சாப்பாடு தன் பொறுப்பு என்று பாப்பாவிடம் வாக்குக் கொடுத்திருந்தார். காரில் ஏறும்போது திரும்பிப் பார்த்தேன். ஜன்னல் திரை ஆடியது.

போகிற வழியில் பாயிடம் அந்த ஆட்சேபணை வரியைப் பற்றிச் சொன்னேன். அவர் கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே ஓட்டினார்.

"எங்க நிக்காவுல பொண்ணாண்ட போயி சம்மதமான்னு கேப்பாங்க," என்றார். "நீங்க இன்னா, ஊராண்ட ஆட்சேபணயான்னு கேக்கறீங்க. பேஜாரு புடிச்ச வேலையா கீதே தோஸ்த்து. ஊருக்கு எதுலதான் ஆட்சேபண இல்ல?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது.

ஆலயத்தில் முப்பது பேர் இருப்பார்கள். அந்தப் பெண்ணின் அப்பா, வாலாஜாபேட்டையில் பெயிண்ட் கடை வைத்திருப்பவர், முழுக்கை வெள்ளைச் சட்டையில் எல்லாரையும் வாங்க வாங்க என்று கைபிடித்து உட்கார வைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "சம்பந்தி!" என்று கட்டிக்கொண்டார். எனக்குத்தான் கட்டிப்பிடித்தால் கூசுமே, அன்றைக்குப் பேசாமல் நின்றேன். "அம்மா?" என்று காதோரம் கேட்டார். வரவில்லை என்று தலையாட்டினேன். அவர் முகம் வாடிவிட்டது.

ஆராதனை தொடங்கப் போகும்போது நான் மாமரத்தடிக்குப் போய் அக்காவுக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"அக்கா, ஆரம்பிக்கப் போறாங்க. நீ ஒண்ணும் பேசவேணாம். வெச்சிடாத, அவ்ளோதான். பாக்கெட்டுல போட்டுக்கறேன்."

பதில் இல்லை. வைக்கவும் இல்லை. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பாப்பாவிடம் சொல்லவில்லை. நடுவில் அக்கா வைத்துவிட்டால், அவளுக்கு ஆசை காட்டி மோசம் செய்ததாகிவிடும்.

பாப்பாவின் கையைப் பிடித்து உள்ளே நடந்தேன். என் கால் எனக்குச் சொந்தமில்லாதது போல முன்னும் பின்னுமாக விழுந்தது. "மெதுவா மாமா, பஸ்ஸப் புடிக்கப் போறோமா?" என்றாள் உதடு அசையாமல். முன்னால் அந்தப் பெண் நின்றிருந்தாள். இவளைப் பார்த்ததும் அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்தேன். என்னை ஒருத்தரும் ஜென்மத்தில் அப்படிப் பார்த்ததில்லை. பொறாமையாகக்கூட இருந்தது, பொய் சொல்வானேன். பாப்பாவின் கையை அவளிடம் கொடுத்துவிட்டு முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

பாட்டு முடிந்தது. ஜெபம் முடிந்தது. ஐயா புத்தகத்தைப் புரட்டாமலே அந்தக் கேள்வியைக் கேட்டார். இவர்கள் இணையக்கூடாது என்பதற்குக் காரணம் அறிந்தவர்கள் இப்போதே சொல்லலாம். கேட்டுவிட்டு, சொன்ன சொல் தவறாமல் அப்படியே நின்றார்.

தலைக்கு மேல் ஷீட்டு வெயிலில் படபடவென்று சத்தம் போட்டது. வெளியே ரோட்டில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. பாப்பா சட்டென்று வாசலைத் திரும்பிப் பார்த்தாள். யாரோ காய்கறி மூட்டையை இறக்கினார்கள், ஆட்டோ போய்விட்டது. அவள் திரும்பவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஐயா இன்னும் நின்றார். எவ்வளவு நேரம்தான் நிற்பார்? வாயைத் திறந்து அடுத்த வரிக்குப் போகப் போனார்.

நான் எழுந்துவிட்டேன். எப்படி எழுந்தேன் என்று இப்போதும் தெரியாது. எதற்கும் ஆட்சேபணை சொல்கிறவன் என்று பேர் எடுத்தவன் நான். எழுந்ததும் ஹால் முழுக்க 'ஐயையோ' என்று ஒரு சத்தம். வாலாஜாபேட்டைக்காரர் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். பின்னாலிருந்து பாய், "யோவ், ஒக்காருய்யா," என்றது தெளிவாகக் கேட்டது.

"எனக்கு ஒண்ணும் ஆட்சேபண இல்ல," என்றேன். "எங்கக்கா லைன்ல இருக்குது. அதுக்குக் கேட்டுச்சோ இன்னாவோ. ஐயா, இன்னொருவாட்டி கேளுங்க."

போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு நீட்டினேன். லைன் அறுபடவில்லை, திரையில் நொடி ஓடிக்கொண்டிருந்தது. பாப்பா என் கையைப் பார்த்தாள். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. ஐயா பீடத்திலிருந்து இறங்கி வந்தார். போனுக்கு முன் குனிந்து, சின்னப் பிள்ளையிடம் கேட்பது போல மெதுவாகக் கேட்டார்.

"அம்மா, உங்க பொண்ணு தான் நேசிக்கிற பொண்ணோட கர்த்தருடைய சந்நிதியில நிக்கிறா. இவங்க சேரக்கூடாதுன்றதுக்கு நீங்க ஏதாச்சும் சொல்லணுமா?"

காத்திருந்தோம். பாப்பா அம்மா என்று கூப்பிடவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். போனில் தெருவில் போகிற பால் வண்டியின் ஹாரன் கேட்டது. எங்கள் தெரு. அக்கா சொன்னால்தான் என்ன, வாயைத் திறந்து திட்டித் தொலைக்கட்டுமே என்று நானும் ஏங்கினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. நொடி ஓடிக்கொண்டே இருந்தது. ஐயா நிமிர்ந்தார்.

"ஆட்சேபண இல்ல," என்று சபைக்கு அறிவித்துவிட்டு, மேலே ஏறிப் போய் உடன்படிக்கை வார்த்தைகளைத் தொடங்கினார்.

அதன் பிறகு நடந்த சடங்கு முழுவதையும் நான் கண்கொட்டாமல் பார்த்தேன். ஒரு வார்த்தையையும் விடவில்லை. வியாதியிலும் சுகத்திலும் என்று அவர்கள் ஒருவருக்கொருவர் சொன்னபோது, இத்தனை வருஷமாக இந்த இடத்தில்தான் நான் பந்திக்கு எழுந்து போயிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். சீக்கிரம் முடிந்துவிட்டது என்று வருத்தப்பட்டது என் வாழ்க்கையில் அந்த ஒரு கல்யாணத்துக்குத்தான்.

ஐயா ஆசீர்வாதம் சொல்லி, எல்லாரும் ஆமென் என்றதும், போன் பேசியது.

"டேய்."

ஸ்பீக்கரை நிறுத்திக் காதில் வைத்துக்கொண்டு ஓரமாகப் போனேன். "சொல்லுக்கா."

"பொடவ இன்னா கலரு?"

இரண்டு தோலை வைத்தால் ஷேடு ஒரு மயிரிழை மாறினாலும் சொல்லிவிடுவேன். கையைப் பிடித்து அழைத்து வந்த பெண் என்ன கட்டியிருக்கிறாள் என்று தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால், கண்ணில் தண்ணீர் கட்டி எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது. நேராகப் போய்ப் பாப்பாவின் கையில் போனைத் திணித்தேன்.

"ஒங்கம்மா. நீயே சொல்லு."

அவள் இரண்டு கையாலும் போனை வாங்கிக் காதில் வைத்தாள். "மாம்பழக் கலரும்மா," என்றாள். "பச்ச பார்டர்." அப்புறம் சொல்லிக்கொண்டே போனாள். முந்தானையில் சின்னதாக மயில் என்றாள். ஜாக்கெட் தைத்த டெய்லர் கையை இறுக்கிவிட்டான் என்றாள். நம்மூர் மல்லிதான் வைத்திருக்கிறேன் என்றாள். தோடு, நீ பத்தாவதில் வாங்கிக் கொடுத்தது என்றாள். அந்தப் பெண் பக்கத்தில் வந்து முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றாள். பந்திக்கு இலை போட்டாயிற்று, ஒருத்தரும் போகவில்லை. தேக்சா மூடியைத் திறந்த பாய் மறுபடி மூடிவிட்டு நின்றார். சொல்வதற்கு இருந்ததெல்லாம் தீர்ந்து பாப்பா நிறுத்தினாள்.

அந்தப் பக்கம் அக்கா ஏதோ கேட்டாள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன், எனக்கும் கேட்டது.

"கொசுவம் யாரு புடிச்சி உட்டாங்க?"

கல்யாணப் பெண்ணுக்குக் கொசுவம் பிடித்துவிடுவது பெற்றவளின் வேலை. பாப்பா என்னைப் பார்த்தாள்.

"யாரையும் உள்ள உடலம்மா," என்றாள். "நானேதான் கட்டிக்கிட்டேன்."